ஒன்று குறைந்தாலும் ஒதுக்கும் மூளை

உறையூர்ச் சோறு: ஒரு வரலாற்றுத் தொடர் – 17

தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலைக் களத்தில் சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். காவிரித் தண்ணீர் எட்டாத ஊர்களிலிருந்து சாலைப் பணிக்கும் ஏரிப் பணிக்கும் வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி என்ற சண்டை மூண்டிருந்தது. இந்த அத்தியாயம் அந்தச் சண்டையிலிருந்தே கிளைக்கிறது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும், அதற்குமேல் அரை அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் ஏறத்தாழ 450 கிராம். அதில் கிடைப்பது சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டிக் கூடை சுமப்பவனுக்கு அதுதான் படி.

மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் இதை ஏற்கவில்லை. சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைகளில் என்ன போடுகிறார்கள் என்று திரட்டி 1863-லேயே அறிக்கை எழுதியவர் அவர். தானியத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, பருப்பும் காயும் சேர வேண்டும் என்றார். உழைக்கிற உடம்புக்கு நைட்ரஜன் உள்ள சத்து தேவை, வெறும் தானியத்தில் அது கட்டுப்படியாகாது என்பது அவர் கட்சி. வாதம் காகிதத்தில் மாதக்கணக்கில் நடந்தது. 1877 மே மாதம் சென்னை அரசு கூலியை மறுபடி உயர்த்தியது. அதற்குள் போன உயிர்களுக்குக் கணக்கு ஏது?

டெம்பிளும் சரி, கார்னிஷும் சரி, வெளியில் நின்று அளந்தவர்கள். ஒருவர் எடையை அளந்தார், மற்றவர் எடைக்குள் இருக்கும் சத்தை அளந்தார். தின்கிற உடம்பு தானே அந்தக் குறையைக் கண்டுகொள்ளுமா என்று கேட்க அன்றைய அறிவியலிடம் கருவி இல்லை. விடை தெளிய நூறாண்டு ஆயிற்று. வயிற்றிலும் நாக்கிலும் தேடியவர்களுக்கு அது கடைசியில் மூளையில், மோப்பத்துக்கு உரிய புறணியின் ஒரு சிறு மூலையில் அகப்பட்டது. அந்த வழியைத்தான் இந்த இதழில் நடக்கப்போகிறோம்.

இருபதில் ஒன்று

கார்னிஷ் நைட்ரஜன் என்று ஒரே பெயரில் சொன்னதற்குள் பல பொருள்கள் இருந்தன. புரதங்கள் எல்லாம் இருபது வகை அமினோ அமிலங்களைக் கொண்டே கட்டப்படுகின்றன. இவற்றில் ஒன்பதை மனித உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். லைசின், டிரிப்டோபன், திரியோனின், மெத்தியோனின், லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல்அலனின், ஹிஸ்டிடின் ஆகியவை அவை.

கொழுப்பை உடம்பு சேர்த்து வைக்கும். சர்க்கரையைக் கல்லீரல் கொஞ்சம் பதுக்கி வைக்கும். அமினோ அமிலத்துக்கு அப்படி ஒரு குதிர் கிடையாது. இன்றைக்கு வராவிட்டால் தசையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உறையூர்த் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூ வேலைச் சேலையில் பச்சை நூல் வரவேண்டிய இடத்தில் பச்சை தீர்ந்துபோனால், சிவப்பும் மஞ்சளும் கட்டுக்கட்டாய்க் கிடந்தும் தறி அங்கேயே நிற்கும். புரதம் நெய்யும் வேலையும் அப்படித்தான். ஒன்று இல்லையென்றால் மற்ற பத்தொன்பதும் இருந்தும் வேலை ஓடாது. மிஞ்சிய அமிலங்களை உடம்பு எரித்துவிடும்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது மக்காச்சோளம். அதன் முக்கியப் புரதமான ஸீனில் டிரிப்டோபன் இல்லை, லைசினும் இல்லை. 1906-இல் கேம்பிரிட்ஜில் எடித் வில்காக்கும் ஃபிரடெரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸும் ஸீன் மட்டுமே புரதமாகக் கிடைத்த சுண்டெலிகள் சீக்கிரம் மடிவதையும், டிரிப்டோபன் சேர்த்தால் கூடுதல் நாள் தாங்குவதையும் கண்டார்கள். 1914-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் அதை முழுமையாக்கினார்கள். ஸீன் மட்டும் தின்ற எலி எடை இழந்தது. டிரிப்டோபன் சேர்த்தபோது எடை நிலைத்தது, ஆனால் எலி வளரவில்லை. லைசினையும் சேர்த்த பிறகுதான் வளர்ந்தது. தட்டின் எடை மூன்று முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். எலியின் கதி மூன்று விதம்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் வேறு வழியில் போனார். அன்று தெரிந்திருந்த அமினோ அமிலங்களை எல்லாம் தனித்தனியாகக் கலந்து எலிக்குக் கொடுத்தார். எலி வளரவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடி, 1935-இல் திரியோனினைக் கண்டெடுத்தார். 1942-இல் இதே சோதனையை மனிதர்களிடம், தம் மாணவர்களிடமே, தொடங்கினார். மக்காச்சோள ஸ்டார்ச்சும் சர்க்கரையும் வெண்ணெய்க் கொழுப்பும் சேர்த்துச் சுட்ட பில்லைகள், அவற்றோடு அமினோ அமிலக் கலவை, இதுதான் சாப்பாடு. கலவையிலிருந்து அத்தியாவசியமான ஒன்றை எடுத்ததும் அந்த இளைஞர்களுக்குச் சோர்வு வந்தது, எரிச்சல் வந்தது, பசி செத்துப்போனது. எடுத்ததைத் திரும்பச் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று.

பசி செத்துப்போனது என்ற இந்த ஒரு குறிப்பில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. சத்து குறைந்தால் பசி கூடும் என்றுதானே நாம் நினைப்போம்?

குன்னூரில் ஒரு தராசு

நம் மண்ணில் இந்தக் கேள்விக்கு மிக அருகில் போன இடம் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே சமைத்து எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று பஞ்சாபின் சீக்கியர் சாப்பாடு ஒரு பக்கம். தீட்டிய அரிசியை நம்பிய சென்னைக்காரர் சாப்பாடு மறு பக்கம். நடுவே பட்டாணியர், மராத்தியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளியர். முடிவில் எடை போட்டபோது சீக்கியர் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம், சென்னைச் சாப்பாட்டு எலி 155 கிராம். வரிசையில் கடைசி நாம்தான்.

பெரும்பாலோர் இதை அரிசியின் தோல்வி என்று படித்தார்கள். மெக்காரிசனின் அக்கறை பெரிதும் வைட்டமின்களின் மேல் இருந்தது. அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு சாப்பாட்டைப் பொருள் பொருளாகப் பிரித்தார். 1937-இல் அவர் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைதான் இன்று நாம் புரட்டும் எல்லா அட்டவணைகளுக்கும் மூத்தது. ஏழை அரிசிச் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் உயரமும் எடையும் கூடுகிறார்கள் என்பதையும் அவர் குழு காட்டியது.

குன்னூர்த் தராசு உடம்பு என்ன ஆயிற்று என்று சொன்னது. எலிக்கு முன்னால் இரண்டு தட்டு வைத்து எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பது அங்கே ஆராய்ச்சியின் மையமாக இருக்கவில்லை. ஆஸ்போர்னும் மெண்டலும் 1918-இலேயே அப்படி ஒரு சோதனை செய்திருந்தார்கள். நல்ல புரதம் ஒரு கிண்ணத்தில், குறையுள்ள புரதம் ஒரு கிண்ணத்தில். எலிகள் பெரும்பாலும் நல்லதன் பக்கமே சாய்ந்தன. யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாமல் அந்தக் கேள்வி பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

சத்தைக் கூட்டியதால் பட்டினி

கிடப்பில் கிடந்த அந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரட் ஹார்ப்பர். அவர் கண்டது விசித்திரமானது. புரதம் குறைந்த சாப்பாட்டில் எலி சுமாராக வளர்ந்துகொண்டிருக்கிறது. அதோடு திரியோனின் தவிர மற்ற அமினோ அமிலங்களைக் கூட்டிக் கொடுக்கிறார். எதையும் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்கிறார். ஆனாலும் எலி சாப்பிடுவதை வெகுவாகக் குறைத்துவிடுகிறது, வளர்ச்சியும் தளர்ந்துவிடுகிறது. துளி திரியோனின் சேர்த்தால் மறுபடி சாப்பிடுகிறது.

ஹார்ப்பர் தந்த விளக்கம் இது. கூடுதலாக வந்த அமிலங்கள் கல்லீரலைப் புரதம் கட்டும் வேலைக்கு முடுக்கிவிடுகின்றன. அந்த வேலை இருக்கிற கொஞ்ச திரியோனினையும் உறிஞ்சிவிடுகிறது. ரத்தத்தில் அது சரிகிறது, மூளையிலும் சரிகிறது. மொத்தத்தில் குறைவில்லை, விகிதத்தில்தான் குறைவு. டெம்பிளின் தராசிலும் தெரியாத, கார்னிஷின் நைட்ரஜன் கணக்கிலும் தெரியாத குறைவு அது.

1962-இல் ஹார்ப்பரும் ஹுவான் சனாஹூஹாவும் எலிகளுக்கு இன்னொரு தேர்வு வைத்தார்கள். ஒரு பக்கம் விகிதம் கெட்ட புரதம். மறு பக்கம் புரதமே இல்லாத மாவு. எலிகள் புரதமே இல்லாததைத் தேர்ந்தெடுத்தன. அதையே தின்றுகொண்டிருந்தால் செத்துப்போகும். விகிதம் கெட்டதிலாவது கொஞ்ச காலம் உயிர் தரிக்கலாம். இருந்தும் எலிகள் மாறவில்லை. ஆக, நன்மை தீமையை எடைபோட்டு எலி தேர்ந்தெடுக்கவில்லை. விகிதம் கெட்டதைக் கண்டதும் உள்ளே எதுவோ வேண்டாம் என்று தள்ளுகிறது, அவ்வளவுதான்.

அந்த எதுவோ எங்கே இருக்கிறது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஃபிலிப் லெயுங், குவின்டன் ரோஜர்ஸ் இருவரும் 1969-இல் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். குறைகிற அமினோ அமிலத்தை ரத்தத்திலேயே கொஞ்சம் செலுத்தினால் எலி சாப்பிடுமா? கழுத்துச் சிரை வழியாக உடம்புக்குப் போகும்படி செலுத்தினார்கள், பலன் இல்லை. அதே சிறு அளவைக் கரோட்டிட் தமனி வழியாக நேரே தலைக்குப் போகும்படி செலுத்தினார்கள், எலி சாப்பிட்டது. காவலாளி கழுத்துக்கு மேலேதான் இருக்கிறான் என்பது உறுதியாயிற்று.

பசி என்றாலே அன்றைய ஆய்வாளர்கள் கைகாட்டிய இடம் ஹைபோதாலமஸ். அங்கே சிதைத்துப் பார்த்தும் எலி குறையுள்ள உணவைத் தள்ளவே செய்தது. 1971-இல்தான் இடம் அகப்பட்டது. மூளையின் அடிப்பக்கம், மோப்பத் தகவல் வந்து சேரும் பிரிஃபார்ம் புறணியின் முன்பகுதி. அதைச் சிதைத்த எலிகள் விகிதம் கெட்ட உணவையும் சலிப்பில்லாமல் தின்றன. அப்படியானால் மோந்துதான் கண்டுபிடிக்கிறதோ என்ற சந்தேகம் இயல்பு. அடுத்த ஆண்டே மோப்பக் குமிழ்களை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மோப்பம் இல்லாத எலிகளும் குறையுள்ள உணவை ஒதுக்கின. இடம் மோப்பத்துக்கு உரியது, வேலை வேறு.

காலிக் கைகளைக் கண்டுபிடிக்கும் நொதி

அதே டேவிஸ் வளாகத்தில் டோரதி கீட்ஸென் தம் ஆராய்ச்சி வாழ்க்கையையே இந்தச் சிறு பகுதிக்குக் கொடுத்தார். குறையுள்ள தீனியைத் தின்னத் தொடங்கிய எலி இருபது நிமிடத்துக்குள்ளேயே நிறுத்திவிடுவதை அவர் குழு பதிவு செய்தது. குறைகிற அமிலத்தை நுண்ணிய அளவில் அந்தப் புறணிக்குள்ளேயே ஊசியால் வைத்தால், குறையுள்ள உணவையும் எலி தின்றது. சாப்பாடு மாறவில்லை, ரத்தம் மாறவில்லை. மூளையின் அந்தத் துணுக்கு மட்டும் நிறைந்தது, எலிக்குத் தட்டே நிறைந்ததாகிவிட்டது.

நரம்புச் செல்லுக்குள் அதை அறிவது எது? விடைக்கான துப்பு ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் கொண்டுவந்து கொடுக்கத் தனித்தனிக் கடத்தி ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. லைசின் இல்லையென்றால் லைசினைச் சுமக்க வேண்டிய கடத்திகள் வெறுங்கையோடு அலையும். அந்த வெறுங்கைக் கடத்திகளைப் பிடித்துக்கொள்ளும் நொதி ஒன்று இருக்கிறது. பெயர் ஜிசிஎன்2. ஈஸ்டில் இதன் வேலையை விளக்கியதில் அமெரிக்காவின் ஆலன் ஹின்னபுஷ்ஷுக்குப் பெரும் பங்கு உண்டு. வெறுங்கை அகப்பட்டதும் இந்த நொதி விழித்து, இஐஎஃப்2 ஆல்ஃபா என்ற புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்தும். உடனே புரதம் கட்டும் வேலை தணியும்.

2005-இல் இரண்டு ஆய்வுகள் சேர்ந்தாற்போல் வந்தன. கீட்ஸென் குழு, திரியோனின் கடத்தியில் ஏறுவதைத் தடுக்கும் திரியோனினால் என்ற பொருளை அந்தப் புறணியில் வைத்தது. எலி, சாப்பாட்டில் குறை இருப்பதுபோல் நடந்துகொண்டது. அப்படியானால் செல் எண்ணுவது அமிலத்தை அன்று, வெறுங்கைக் கடத்திகளைத்தான். பிரான்ஸிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் மூளையில் மட்டும் ஜிசிஎன்2 இல்லாத சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவை லியூசின் இல்லாத உணவை ஒதுக்கத் தவறின. ஈஸ்டு முதல் எலி வரை ஒரே காவலாளி. 2014-இல் பழ ஈயிலும் டோபமைன் நரம்புகளில் இதே நொதி இதே வேலையைச் செய்வதாகக் காட்டினார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டேவிட் லீப், சக்கரி நைட் இருவரும் சுண்டெலிகளில் எல்லாவற்றையும் மறுபடி செய்து பார்த்தார்கள். நன்றாகத் தின்று வளர்ந்த சுண்டெலி, திரியோனின் இல்லாத உணவைச் சட்டென்று கண்டுபிடிப்பதை அவர்களால் காண முடியவில்லை. முதலில் சில நாள் திரியோனினைப் பட்டினி போட்ட சுண்டெலிகளோ, அது உள்ள உணவையும் இல்லாத உணவையும் சில நிமிடங்களில் பிரித்தறிந்தன. அதற்கு நாக்கும் தேவைப்படவில்லை, ஜிசிஎன்2-உம் தேவைப்படவில்லை. காவலாளி ஒருவனல்ல, பலர் இருக்கிறார்கள் போலும். குறை நேர்ந்த உடம்புதான் கூர்மையாகத் தேடுகிறது என்பதும் இதிலிருந்து கிடைக்கிற செய்தி.

பொருநனின் சலிப்பு

ஓர் அமிலம் மட்டும் குறைந்தால் உடம்பு ஒதுக்கும். மொத்தப் புரதமும் சமமாகக் குறைந்தால்? அப்போது அது வேறு வேலை செய்கிறது, கூடுதலாகத் தின்கிறது. 2014-இல் வந்த ஆய்வு ஒன்று, புரதம் குறைந்தால் கல்லீரல் எஃப்ஜிஎஃப்21 என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் காட்டியது. அது மூளைக்குப் போய்த் தேவையைச் சொல்கிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் 2005-இல் முன்வைத்த கருத்து இதற்குப் பொருந்துகிறது: உடம்புக்குப் புரதத்தில் ஓர் இலக்கு உண்டு, தட்டில் புரதம் நீர்த்துப்போனால் இலக்கை எட்டும்வரை மற்றதையும் சேர்த்துத் தின்போம். சிட்னியில் 22 பேரை வைத்து 2011-இல் சோதித்தார்கள். சாப்பாட்டில் புரதத்தின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியபோது நான்கு நாளில் அவர்கள் சாப்பிட்ட கலோரி 12 சதவீதம் ஏறியது.

இலக்கைத் தாண்டினால் சலிப்பும் வரும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், உறையூரை வளமாக்கிய கரிகாலனின் விருந்தாளியைக் கூப்பிடலாம். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் அரசன் வீட்டில் ஆட்டிறைச்சியும் சுட்ட கறியுமாகத் தின்கிறான். போதும் என்று முகம் சுளித்ததும் பணியாரங்கள் வருகின்றன. பிறகு ஒருநாள், சோறும் கொள்க என்று அரசன் வேண்ட, சோறு உண்கிறான். இரவு பகலாக இறைச்சி மென்று பல் மழுங்கிப்போய், கடைசியில் ஊருக்குப் போகிறேன் என்று விடை கேட்கிறான். புலவர் சொல்ல வந்தது கரிகாலனின் கொடை. நமக்கு அதில் ஒரு மனிதனின் உடம்பு தன் அளவைச் சொல்வதும் கேட்கிறது. ஆனால் பொருநனுக்கு மாற்றித் தர அரண்மனை இருந்தது. கறி சலித்தால் பணியாரம், அது சலித்தால் சோறு.

ஒரே பானை

இங்கேதான் எலிச் சோதனையிலிருந்து மனிதர் வரலாறு விலகுகிறது. கூண்டில் இரண்டு கிண்ணம் இருந்தது. உறையூரின் உழைப்பாளி வீட்டில் இருந்தது ஒரு பானை.

அந்த ஒரு பானைக்குள்ளேயே தமிழ்ச் சமையல் இரண்டு கிண்ணத்தையும் கலந்துவிட்டது. நூறு கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம், அதில் லைசின் கால் கிராம் அளவே. நூறு கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம், லைசின் ஏறத்தாழ ஒன்றரை கிராம். பருப்பில் குறைவது மெத்தியோனின்; அதை அரிசி ஈடுகட்டும். ஸ்ரீரங்கத்து மடப்பள்ளிப் பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும், தோசையில் அரிசியும் உளுந்தும், வீட்டுச் சாம்பார் சாதத்தில் அரிசியும் துவரையும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நைவேத்தியத்துக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்திருக்கின்றன. முன்னோர்கள் அமினோ அமிலம் அறிந்து சமைத்தார்கள் என்று மார்தட்ட இதில் இடமில்லை. பருப்பு சேர்ந்த சோறு நாவுக்கும் உடம்புக்கும் ஒத்துப்போனது, ஒத்துப்போனது நிலைத்தது.

கோயில் கல்லில் பருப்புக்கு அளவு இருந்தது. ஏழை வீட்டில் விலை ஏறினால் முதலில் மறைவது அந்தப் பருப்புதான். டெம்பிளின் கூலியில் அதற்கு இடமே இல்லை. சாம்பார் ரசமாகும், ரசம் வெறும் புளித்தண்ணீராகும், சோறு மட்டும் மிஞ்சும். அந்தத் தட்டைக் குழந்தை தள்ளினால் பிடிவாதம் என்று பெயர்.

இந்த இடத்தில் அவசர முடிவுக்கு வராமல் நம்மைத் தடுப்பவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1960 முதல் 1974 வரை அதன் இயக்குநர் அவர். தக்காணத்தில் சோளம் மட்டுமே சாப்பிடுகிற ஏழைகளுக்கு வந்த பெல்லாக்ரா நோயை அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்தார்கள். சோளத்தில் டிரிப்டோபன் மக்காச்சோளம் அளவுக்குக் குறைவில்லை. லியூசின்தான் மிக அதிகம். ஒன்றின் மிகுதி இன்னொன்றின் பயனைக் கெடுக்கிறது என்று 1960-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஹார்ப்பர் கூண்டில் கண்ட விகிதக் கேட்டை இவர்கள் வயலோரத்துக் குடிசையில் தேடினார்கள்.

அதே கோபாலன்தான், குழந்தைகளின் நலிவை எல்லாம் புரதத்தின் தலையில் கட்டாதீர்கள் என்றும் சொன்னார். கை கால் வீங்கி, சுணங்கி, சாப்பாட்டை ஏறெடுத்தும் பாராத குவாஷியோர்கர் குழந்தைகளையும், எலும்பும் தோலுமான மராஸ்மஸ் குழந்தைகளையும் அவர் குழு கவனித்தது. நோய்க்கு முன் இரு தரப்பும் சாப்பிட்டதில் வேறுபாடு இல்லை. இருவருக்கும் குறைந்தது முதலில் சோற்றின் அளவே. உலகமே புரதப் பஞ்சம் என்று கூவிக்கொண்டிருந்த 1968-இல் அவர் இதை எழுதினார். 1974-இல் டொனால்டு மெக்லாரன் அந்தக் கூச்சலைப் பெரும் தோல்வி என்றே லான்செட்டில் சாடினார். வயிறு நிறையாத குழந்தைக்கு லைசின் மாத்திரை எதற்கு? உண்கிற புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். அளவும் வேண்டும், விகிதமும் வேண்டும். டெம்பிளுக்கு எதிராகக் கார்னிஷ் சேர்த்தே கேட்ட இரண்டும் இவைதான்.

பாப்பாக்குறிச்சி

அந்த இரண்டையும் ஒரு மாநிலம் தன் செலவில் தட்டில் வைக்கத் தொடங்கியது உறையூர் இருக்கும் இதே திருச்சியில். 1982 ஜூலை 1 அன்று, திருவெறும்பூர்ப் பக்கம் காட்டூரை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில் முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காமராஜர் காலத்து மதிய உணவு அதற்கு முன்னோடி. சோறும் பருப்பும் காயும் கலந்த சாம்பார் சாதம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து என்று வளர்ந்தது. இடையில் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் சுண்டலாக வந்து சேர்ந்தன.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்கு ஈடாக வாழைப்பழம். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிற திருச்சியில் வாழைப்பழத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதில் ஒன்பது அமிலமும் தேவையான விகிதத்தில் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவே. பட்டியலில் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது, உடம்பில் சரியாகாது. அந்தப் பிள்ளைக்கு அன்று ஒரு கை சுண்டல் கூடுதலாகப் போட்டால் ஓரளவு ஈடாகும். அதற்குப் புதுத் திட்டம் வேண்டாம். சுண்டல் செய்யும் வழக்கம் சத்துணவுக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நாள் கணக்கை மாற்றினால் போதும்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிற பிள்ளைக்கு எல்லாம் அமினோ அமிலக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் இருக்கலாம், குடற்புழு இருக்கலாம், பக்கத்துக் கடைத் தின்பண்டம் வயிற்றை அடைத்திருக்கலாம். எலிகள் நமக்குச் சொன்னது வேறு. உணவைத் தள்ளுவதும் உடம்பு தரும் ஒரு தகவல். அந்தத் தகவலால் எலிக்குப் பயன் விளைந்ததற்குக் காரணம் பக்கத்தில் இன்னொரு கிண்ணம் இருந்ததுதான். மூளை எவ்வளவு நுட்பமாகக் குறையைக் கண்டுபிடித்தாலும், வேறு தட்டு இல்லாதவனுக்கு அந்த நுட்பம் பசியின்மையாக மட்டுமே மிஞ்சுகிறது. அந்த இரண்டாவது கிண்ணத்தை வைக்கும் பொறுப்பு சமையலறைக்கு உண்டு, சம்பளம் கொடுப்பவருக்கு உண்டு, அரசுக்கு உண்டு. கார்னிஷ் மாதக்கணக்கில் விடாமல் எழுதியது அதற்காகத்தான்.

(அடுத்த இதழில்: ஆலை அரிசி வந்தபோது பெரிபெரியும் ஏன் வந்தது, நம் புழுங்கலரிசி அதை எப்படித் தடுத்தது?)